பன்னிரண்டாவது வக்கீல்

உங்க நாற்காலி நல்லா இருக்கும்மா. பதினோரு வக்கீல் ஆபீஸ்ல உட்கார்ந்து பார்த்துட்டேன். வர்றவங்களுக்குப் போடுற நாற்காலியில ஒரு கால் கட்டையாத்தான் இருக்கு. உங்களுது நாலும் சமம். வாசல் போர்டுல பெயின்ட்டே இன்னும் காயல. முதல் ஆளா நான் வந்திருக்கேன், தொழில் நல்லா நடக்கட்டும்.

லிஃப்ட் ரிப்பேர் பண்ற கம்பெனியில நான் மேனேஜர். எங்க மெக்கானிக்குகள்ல ஒரே ஒரு பொண்ணு. எல்லாரும் ஸ்பேனர்னுதான் கூப்பிடுவோம். பத்தாவது மாடி உயரத்துல, லிஃப்ட் கூண்டு மேல நின்னுக்கிட்டு பாட்டுப் பாடுவா. என்னை வாய் நிறைய அண்ணேன்னுவா.

சூப்பர்வைசர் வேலை காலியாச்சு. நியாயமா அவளுக்குத்தான் வரணும். வேற ஒருத்தருக்குக் குடுத்தோம். ‘பெண்கள் உயரத்தில் பணிபுரிவது உகந்ததல்ல’ன்னு காரணம் போட்டோம். கையெழுத்து முதலாளியோடது, வாசகம் என்னோடது. அந்த ஒருத்தருக்கு உயரம்னா கொஞ்சம் ஆகாது. ஸ்டூல்ல ஏறினாலே கண்ணை மூடிக்குவார். என் மாப்பிள்ளைங்கறதுக்காகச் சொல்லல, தரையில நல்லா வேலை பார்ப்பார்.

அவ நேரா என்கிட்டதான் வந்தா. "அண்ணே, பொம்பளைன்னு ஒதுக்கிட்டாங்க. கேஸ் போடப் போறேன். தொண்ணூறு நாள்தான் டைமாம். நல்ல வக்கீலா நீங்கதான் பார்த்துக் குடுக்கணும்" அப்படின்னா. நம்பி வந்த பொண்ணை எப்படிம்மா கைவிடறது?

முதல் வக்கீலை நான் தனியாப் போய்ப் பார்த்தேன். என் தலைக்கு ஏதாவது வருமான்னு தெரிஞ்சுக்கத்தான். அவர் முழுக்கக் கேட்டுட்டு ஒண்ணு சொன்னார். "உங்க பக்கத்தை என்கிட்டச் சொல்லிட்டீங்க. இனி அந்தப் பொண்ணு வந்தா நான் கேஸ் எடுக்க முடியாது. ஏன்னு காரணமும் சொல்ல முடியாது." எனக்கு அன்னைக்கு நல்லாப் பசிச்சது. மறுநாள் அவளை அவர்கிட்டயே கூட்டிட்டுப் போனேன். நான் கீழ வண்டியைப் பார்த்துக்கிட்டேன்.

இந்த ஊர்ல வேலை சம்பந்தமான கேஸ் எடுக்கிறவங்க பதினோரு பேர். முந்தின நாள் நான், மறுநாள் அவ. ஒருத்தருக்குக் காது மந்தம், ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இன்னொருத்தர் பாதியில தூங்கிட்டார். எழுப்பி, முதல்ல இருந்து சொன்னேன். அரைகுறையாச் சொன்னா செல்லாதுல்ல.

வீட்டுல பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லி வச்சிருந்தேன். "இத்தனை தடவை போனா வாயில என்னங்க மிஞ்சும்?"னு வீட்டுக்காரி கேட்டா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. அதனால ஒருநாள் போய் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல அவளை ஃபோன் எடுக்கிற வேலைக்கு மாத்திட்டாங்க. மாத்தச் சொன்னது நான்தான். வக்கீல் தேடி அலைய நேரம் வேணுமே பாவம். எங்கயாவது லிஃப்ட் மாட்டிக்கிட்டா, மாப்பிள்ளை போய்க் கண்ணை மூடிக்கிட்டு நிப்பார். எந்த நட்டைத் திருப்பணும்னு அவ ஃபோன்ல சொல்லுவா. கம்பெனி பேரு கெடாம ஓடுது.

ஒன்பதாவது வக்கீலைப் பார்த்துட்டு வந்து படியிலயே உட்கார்ந்துட்டா. "என்கிட்டதான் ஏதோ கோளாறு அண்ணே. என் பேரைக் கேட்டதுமே வேணாங்கிறாங்க" அப்படின்னு அழுதா. டீ வாங்கிக் குடுத்தேன். அன்னைக்கு சாயங்காலமே பத்தாவது வக்கீலைப் போய்ப் பார்த்துட்டேன்.

நாளையோட தொண்ணூறு நாள் முடியுது. அவ விட்டுடுவான்னுதான் இருந்தேன். இன்னைக்குக் காலையில உங்க போர்டை அவளே கண்டுபிடிச்சுட்டா. எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வருத்தம் எனக்கு உண்டு, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். என்னையும் கூட்டிக்கிட்டு வந்தா. வந்து பார்த்தா உங்க கட்டடத்து லிஃப்ட் நடுவுல நின்னு போயிருக்கு. நின்ன லிஃப்ட்டைப் பார்த்துட்டு அவளால சும்மா தாண்டிப் போக முடியாது. பையைத் திறந்து உட்கார்ந்துட்டா. "நீங்க மேல போய் வக்கீலம்மா இருக்காங்களான்னு பாருங்க அண்ணே, இதோ வந்துடறேன்"னா.

அதான் வந்து பார்த்தேன். நீங்க இருக்கீங்க. நானும் எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஒண்ணையும் மறைக்கல.

அதோ, சத்தம் கேக்குதா? சரி பண்ணிட்டா, கெட்டிக்காரி. ரெண்டாவது மாடி தாண்டிடுச்சு. அவ உள்ள வந்ததும் நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்கம்மா. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்ற அளவுக்கு எனக்குக் கல்மனசு கிடையாது.