வயர்தான் கோளாறு

"...அதான் கேக்குறேன் தாயி, எந்த மெக்கானிக்கு வந்தாலும் ஏணியில ஏறுனதும் மொத வார்த்த ஏன் அதையே கேக்குறான்? 'யாரும்மா இந்த வயரப் போட்டது?' மொத வந்தவன் பழைய கேபிள் டிவி வயரப் பாத்துக் கேட்டான். ரெண்டாவது வந்தவன் மொத வந்தவன் போட்டதப் பாத்துக் கேட்டான். மூணாவதா ஒங்க கடை ஜெரோமு... நல்ல புள்ள, காப்பி குடுத்தா டம்ளரக் கழுவிக் கவுத்திட்டுப் போறான்... அவனும் அதையே கேட்டான். நான் சொல்லிட்டேன், அப்பு, நீ போட்டுட்டுப் போ, அடுத்து வாரவன் ஒன்னயக் கேக்கட்டும்னு."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கேமரா கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கௌசல்யா மட்டும்தான் இருந்தாள். முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். ஜெரோம் சின்னாளபட்டியில் எங்கோ ஒரு கூரை மேல் இருந்தான். டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு கௌசல்யா நிமிர்ந்தபோது, செட்டிநாயக்கன்பட்டி சிவனம்மாள் குடையைக் கவுண்டர் மேல் நீட்டிப் போட்டுவிட்டு, பாதிப் பேச்சோடுதான் உள்ளே வந்தாள். முதல் பாதியை மினி பஸ்ஸில் வேறு யாரிடமோ சொல்லி முடித்திருக்க வேண்டும்.

"நீ சாப்பிடு தாயி, நான் பாட்டுக்குப் பேசிட்டுப் போறேன். என்ன வெஞ்சனம், பீர்க்கங்காயா? இன்னுஞ் செத்த வதக்கியிருக்கலாம். சரி அத விடு. எனக்கு நாளைக்குள்ள படம் தெரியணும். தெரியலேன்னா எம்மக நாகஜோதி பெங்களூருல இருந்து வந்து, வீட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு என்னயக் கூட்டிட்டுப் போயிருவா. டிக்கெட்டுப் போட்டுட்டா. பாத்ரூம்ல ஒருவாட்டி வழுக்கி விழுந்தேன், அவகிட்டச் சொல்லல, அதுதான் கொலக்குத்தமாப் போச்சு. 'அம்மா, ஒன்னு நீ என் கண்ணு முன்னால இரு, இல்லேன்னா கேமரா முன்னால இரு'ங்குறா. பெங்களூருல போயி நான் எங்கிட்டு இருக்க? பதினாலாவது மாடி. அங்க கொஞ்ச நாளு இருந்து பாத்தேன். கீரக்காரி இல்ல. கீர பாக்கெட்டுல வருது. பக்கத்து வீட்டுக்காரி லிப்டுல சிரிக்கிறா, வெளிய வந்ததும் கதவச் சாத்திக்கிறா. சண்ட போடக்கூட ஒரு நாதி இல்ல தாயி. மனுசி எப்புடி இருப்பா?

"அதான் கேமராவே இருக்கட்டும்னு ஒத்துக்கிட்டேன். வாசல்ல ஒன்னு, கூடத்துல ஒன்னு, பின்கட்டுல ஒன்னு. மொத ஆளு வைபை கேமரா கொண்டாந்தான், வயரே வேணாம், காத்துலயே வரும்னான். எங்க வீட்டுச் செவுரு எங்க மாமனார் கட்டுனது. அம்புட்டு கனம். இடி இடிச்சாலே உள்ள இருக்கவுகளுக்குக் கேக்காது, வைபை எங்கிட்டு வரும்? அவனும் பூஸ்டருன்னு ஒன்னச் சொருகுனான். அந்தப் பூஸ்டருக்கு ஒரு பூஸ்டரு. கடசியில எங்க மாமனாரத் திட்டிட்டுப் போயிட்டான். செத்தவரத் திட்டலாமா?

"ரெண்டாவது ஆளு வயரு போட்டான். வழவழன்னு நல்லாத்தான் இருந்துச்சு. ஜெரோமு வந்து நுனியச் சொரண்டிக் காட்டுனான் பாரு, எனக்குப் பகீர்னு போச்சு. மேல செம்பு, உள்ள அலுமினியம். கவரிங்கு தாயி. எம் மாமியா எங் கல்யாணத்துல போட்டுவிட்ட சங்கிலி மாதிரி. மூணு மாசம் மின்னுச்சு, நாலாம் மாசம் கழுத்து பூராம் பச்ச. அன்னைக்கே சுரண்டிப் பாத்திருந்தா எங் கதையே வேற. ஆனா அவுக மகன் நல்ல மனுசன், அது வேற விசயம்.

"அப்புறந்தான் ஜெரோமு இந்த அசல் செம்பு வயரப் போட்டான். கேட் சிக்ஸு. உள்ள எட்டு முடி, ரெண்டு ரெண்டாச் சட பின்னி வச்சிருக்கு. ஒரு பொட்டி வச்சான், சுவிட்சு. சுவிட்சுன்னா லைட்டு போடுறது இல்லயாம், வேறயாம். அதுல இருந்து ஒரே வயருல கரண்டு அங்கிட்டுப் போகுது, படம் இங்கிட்டு வருதுங்கான். வத்தலக்குண்டு ரோட்டுல எதிரும் புதிருமா ரெண்டு பஸ்ஸு வந்தாலே ஒருத்தன் பள்ளத்துல எறங்குறான், இது எப்புடி மோதாமப் போகுதுன்னு கேட்டேன். சிரிக்கிறான்."

கௌசல்யாவுக்கு அதற்கு விடை தெரியும். பி.காம் படித்துவிட்டுக் கணக்குப் பார்க்கத்தான் வந்தாள் என்றாலும், ஆறு மாதத்தில் எந்த வயர் எதற்கு, எந்த சுவிட்ச் எத்தனை கேமராவைத் தாங்கும் என்பதெல்லாம் பழகிவிட்டது. சொல்ல ஓர் இடைவெளி வேண்டுமே. யாராவது மூச்சு வாங்கினால் அந்த இடத்தில் பேசலாம் என்று காத்திருப்பது அவள் வழக்கம். சிவனம்மாள் மூச்சையும் பேசிக்கொண்டே வாங்கினாள்.

"வயரு போற வழியில மட்டும் ஜெரோமுக்கும் எனக்கும் ஒத்துக்கல. அவன் சாமி ரூமு வழியாத் தொள போடுறேன்னான். நேராப் போகுமாம். சாமி தலைக்கு மேல கரண்டு வயரு போகலாமா? முடியாதுன்னுட்டேன். அடுப்படி அக்கினி மூல, அதத் தொடக்கூடாது. கன்னி மூலையில பாரம் ஏத்தலாம், தொள போடக்கூடாது. அப்ப எப்புடிம்மா போறதுன்னான். சுத்திப் போன்னேன். கோயிலயே சுத்தித்தான கும்புடுறோம். வீட்டச் சுத்தி, மாட்டுக்கொட்டாயச் சுத்தி, முருங்க மரத்துக்கு அங்கிட்டுப் போயி வந்துச்சு. நூறு மீட்டருக்கு மேல போனா சிக்னலுக்கு மூச்சு வாங்கும்மான்னான். நானே அம்பத்தொம்பது வயசுல மலைக்கோட்ட ஏறிட்டு வந்தேன், வயருக்கென்ன. சரின்னு ஒரு எடத்துல குறுக்க விட்டு நூறுக்குள்ள அடக்கிட்டான்.

"படம் வந்துச்சு தாயி. கண்ணாடி கணக்கா வந்துச்சு. எங் கூடத்துல காலண்டருல இருக்க தேதி நாகஜோதிக்கு பெங்களூருல தெரியுது. தேதியக் கிழிம்மா, முந்தாநேத்து தேதி இருக்குங்குறா. அப்புறம் அடுப்படி வரைக்கும் தெரியிற அந்தக் கேமராவே பேசுது. 'அம்மா, பால் பொங்குது, அடுப்ப அமத்து'ன்னு எம் மக கொரலு மோட்டுல இருந்து வருது. வெலவெலத்துப் போயிட்டேன். கல்யாணங் கட்டிப் போன புள்ள... எத்தன வருசம் கழிச்சு அந்த வீட்டுக்குள்ள அவ கொரலு.

"ஜெரோமு கெளம்பிப் போனான். பொழுது சாயல, நாகஜோதி போன் போடுறா. 'என்னம்மா மஞ்ச மூட்டமா இருக்கு, நீ வீட்டுல இருக்கியா கொடைக்கானல்ல இருக்கியா?' மூணு கேமராவும் ஒன்னாப் போச்சு. மறுநா ஜெரோமு வாரான், டிவியப் போட்டா நல்லாத் தெரியிது. நல்லாத்தானம்மா இருக்குங்கான். போறான். மறுபடி மூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போனா காச்ச விட்டுப்போற மாதிரி, மெக்கானிக்கப் பாத்தா இந்தச் சனியனுக்குக் கோளாறு விட்டுப்போகுது. மூணும் ஒன்னா மங்குனா சுவிட்சுலதான் கோளாறுன்னு சுவிட்ச மாத்துனான். தெரிஞ்சுச்சு. போனான். மூட்டம். அணில் வயரக் கடிச்சிருக்கும்னு பைப்புக்குள்ள விட்டான். எங்க முருங்கையில பொறந்து வளந்த அணிலு அது, தயிர்சோறு திங்குது, வயரத் திங்குமா? சரின்னு விட்டேன். தெரிஞ்சுச்சு. போனான். மூட்டம்.

"இப்ப மினி பஸ்ஸுல ஒருத்தரு சொன்னாரு, கண்ணாடி இழை வயருன்னு ஒன்னு இருக்காம், பைபராம், அதுல வெளிச்சமே போகுமாம். அதுல மூட்டம் போடாதுல்ல? அதக் குடு. அதுக்கு என்னென்ன பொட்டி வேணுமோ எல்லாத்தையும் குடு. என்ன கையாட்டுற, வேணாங்கிறியா? ஏன், எங்க வீட்டுக்கு அது தகாதா? ...படமா? இருக்கு, நாகஜோதி அனுப்புனது. இந்தா, நீயே பாரு."

கௌசல்யா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். திரை முழுக்க மஞ்சள். நடுவில் அடர்சிவப்பாக ஒரு வட்டம். கோடைக் கண்மாய்த் தரை மாதிரி மஞ்சள் எங்கும் மெல்லிய வெடிப்பு. இரண்டு விரலால் பெரிதாக்கினாள். சிவப்பின் ஓரத்தில் வரிவரியாக ஏதோ தெரிந்தது. விரல் ரேகை.

அவள் நிமிர்ந்து சிவனம்மாளின் மோதிர விரலைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, பாதிக் குரலில் ஒன்றைக் கேட்டாள்.

"ஜெரோமு போனப்புறமா? நான் ஒன்னுஞ் செய்யலயே. அதத் தொடக்கூட இல்ல. ஊரு ஒலகத்துல எல்லாரும் செய்யிறதத்தான் செஞ்சேன். புதுப் பொருள் வீட்டுக்கு வந்தா ராகுகாலம் கழிச்சு, சந்தனத்தக் கொழச்சு ஒரு பொட்டு, அதுமேல குங்குமம். பிரிஜ்ஜுக்கு வச்சேன், மிக்சிக்கு வச்சேன், எங்க வீட்டுக்காரரு டிவிஎஸ்ஸுக்கு வச்சேன். எம் மக பேசுற மிசினு, அதுக்கு வைக்காம இருப்பேனா? எங்க வச்சேனா? எல்லாரும் எங்க வைப்பாக, நெத்தியிலதான். ...கேமராவுக்கு நெத்தி எது தாயி, நீயே காட்டு. உருண்டையா ஒரு மூஞ்சி, மூஞ்சி பூராம் ஒத்தக் கண்ணு. நடுவுல பாத்து வச்சேன்.

"அவன் வாரப்ப எப்புடித் தெரிஞ்சுச்சா? பொட்டு காஞ்சு உதுந்து கெடக்கும்ல. அந்நிய ஆம்பள வாரப்ப வீடு அப்புடியா இருக்கும்? ஈரத்துணியால மூணையும் பளிச்சுன்னு தொடச்சு வச்சிருவேன். அவன் போனதும் புதுப்பொட்டு..."

பேச்சு அங்கே நின்றது. கடைக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம் அப்போதுதான் கௌசல்யாவுக்குக் கேட்டது. சிவனம்மாள் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். சுவரில் மாட்டியிருந்த விற்பனைக் கேமராக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றுக்கும் நெற்றி இல்லை.

"ஏந் தாயி," குரல் தாழ்ந்திருந்தது, "இத நாகஜோதிகிட்டச் சொல்லாத.

"அவளுக்குத் தெரிஞ்சா என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். 'அம்புட்டு ஒசரத்துல எப்புடிம்மா வச்ச?' ஸ்டூலு மேல ஏறித்தான் வச்சேன். விழுந்த பொம்பள ஸ்டூல்ல ஏறுனேன்னு தெரிஞ்சா அன்னைக்கே பொட்டியக் கட்டும்பா. இல்லாட்டி, அம்மாவுக்குப் புத்தி தடுமாறுது, கேமரா கண்ணுலயே அப்பி வச்சிருக்குன்னு மாப்பிள்ளகிட்டச் சொல்லுவா. அவரு டாக்டருகிட்டக் காட்டலாம்பாரு. நான் நல்லாத்தான் இருக்கேன் தாயி. எட்டாம் வாய்ப்பாடு கேளு, சொல்றேன். இந்தத் தெருவுல எந்தக் கடை எப்ப வந்துச்சுன்னு கேளு. பொட்டு வச்சேன், வச்ச எடந்தான் பெசகிப்போச்சு. அதுக்குப் பதினாலாவது மாடியா?

"ஒன்னு செய்யி. ஒரு சுருள் வயரு குடு. எதாச்சும் குடு. வயருலதான் கோளாறு, மாத்தியாச்சுன்னு சொல்லிக்கிருவோம். வயருன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாக, ஏன்னா எல்லா வயரும் கோளாறுதான், ஒங்க ஜெரோமே சொல்லிருக்கான். வேணாங்கியா? சும்மா தொடச்சாப் போதுமா? ஸ்டூல்ல ஏறாதேங்கியா? ஜெரோமே சாயங்காலம் வந்து தொடைப்பானா? சரி. சரி தாயி. பொட்டு, டிவிக்குக் கீழ படம் பதியுதே, அந்த ரெக்காடிங் பொட்டிக்கு வச்சுக்கிறலாமா? தரையிலதான இருக்கு. ஓட்டையில படாம ஓரமா வைக்கிறேன். ...அய்ய, இந்தா அவளே கூப்புடுறா. நீ பேசு. நான் பேசுனா ஒளறிருவேன். புடி, புடி."

போன் கௌசல்யாவின் கைக்குள் வந்துவிட்டது. அதில் நாகஜோதியின் படம். அவள் அலுவலகத்துக்குப் போகும்போது எடுத்தது போலிருந்தது. அடுத்தவர் போனில் பேசவே கூசுகிற கௌசல்யாவுக்கு இன்று பொய்யும் சொல்ல வேண்டியிருந்தது. பச்சைப் பொத்தானைத் தள்ளினாள்.

"அக்கா, கேமரா கடையில இருந்து பேசுறேன். ...வயர்தான் கோளாறு அக்கா. ...ஆமாக்கா. சாயங்காலம் எங்க ஆளு போறாரு, அதுக்கப்புறம் நல்லாத் தெரியும். ...இல்லக்கா, இனிமே வராது. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சாயங்காலம் பார்க்கிறேன், தெரிந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன் என்றாள் நாகஜோதி. அதற்கப்புறம், கேட்கவா வேண்டாமா என்று யோசித்துக் கேட்பவளைப் போல, "அம்மா எப்படிம்மா இருக்காங்க?" என்றாள்.

கௌசல்யா திரும்பிப் பார்த்தாள். மெமரி கார்டு வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். சிவனம்மாள் குடையால் அவர் வழியை மறித்து, அவர் வீட்டு வயர் அசல் செம்பா, நுனியைச் சுரண்டிப் பார்த்தாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"பேசிக்கிட்டு இருக்காங்கக்கா," என்றாள் கௌசல்யா.