சுத்தமான ரத்தம்

எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயமில்லை. மொந்தெர்ரே நகரத்து அலுவலகத்தில் ரத்ததான முகாம் வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான், முதலில் கையை நீட்டியதும் நான்தான்.

எங்கள் ஆலை பழைய கார் பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கிறது. அது மறுபடி புது கார்களுக்குப் போகும். வாங்கும் கார் கம்பெனிக்கும், பசுமைக் கடன் கொடுத்த வங்கிக்கும் ஒரே நிபந்தனை: உலையில் நிற்பவர்களின் ரத்தத்தில் ஈயம் அளவை மீறக்கூடாது. மீறினால் கடனும் இல்லை, கொள்முதலும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். புகை உறிஞ்சும் இயந்திரத்தை மாற்ற நாளாகும், ரத்தக் குப்பியை மாற்ற ஒரு நிமிடம் போதும். உலைக்காரர்களின் ரத்தத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அலுவலகத்தார் கொடுத்ததை அவர்கள் பெயர் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஒருவருக்கும் வேலை போகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த அன்று, உலையில் நிற்கும் நபோர் என்னைத் தேடி வந்தான்.

"சார், எம் பொண்டாட்டி எல்வீரா முழுகாம இருக்கா. என் வேலைத் துணியெல்லாம் அவதான் தொவைக்கிறா. ரத்தத்துல ஈயம் இருந்தா சொல்லிடுங்க, எங்கண்ணன்கூட ஆடு மேய்க்கப் போயிடறேன்."

"என் ரத்தம் மாதிரியே சுத்தமா இருக்குப்பா."

"அப்ப உங்க சம்பளத்தையே எனக்கும் போடச் சொல்லுங்க" என்று சிரித்தான். எனக்கு அவனைப் பிடிக்கும்.

பெண் குழந்தை பிறந்தது. நடக்கத் தொடங்கிய சமயத்தில் வலிப்பு வந்தது. உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார்கள் அரசு மருத்துவமனையில். நபோர் தன் ஆய்வு முடிவைக் காட்டினான். அப்படியானால் சமையல் சட்டிதான் என்றார் டாக்டர். பளபளப்புப் பூசிய மண்சட்டியில் ஈயம் உண்டு என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எல்வீரா பீன்ஸ் வேகவைக்கும் சட்டிகளை முற்றத்தில் போட்டு உடைத்தாள். நான் கம்பெனி செலவில் எவர்சில்வர் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தேன். நான் அவற்றைக் கொடுக்கும் படம் ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்புப் பகுதியில் வந்தது. நபோர் அதே உலையில் நின்றான், அவன் துணி அதே வீட்டில் துவைக்கப்பட்டது.

குழந்தை இறந்துவிட்டது. "எங்கையால ஊட்டி நானே கொன்னுட்டேனே" என்று அடக்கத்தில் எல்வீரா அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் மட்டும் வலித்தது.

விசாரணைக்கு வந்து நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். சட்டி காரணமில்லை. கொன்றது நான். ஆனால் எல்வீராவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் கொஞ்சம் மனம் தேறி வருகிறாள். மறுபடி அவளை நோகடிக்க எனக்கு மனசு வராது.