கொழுந்து விரலும் டச் போனும்

பதுளையிலிருந்து ஹல்துமுல்லை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். மூத்தவள் கையில் பழைய பட்டன் போன். இளையவள் மடியில் புது டச் போன்.

“என்னக்கா, இந்தக் கட்டைய இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியுறீங்க?” என்றாள் இளையவள்.

“ஏன், இதுல என்ன இல்ல? கேமரா இருக்கு, ரேடியோ இருக்கு, மெமரி கார்டு போட்டா பாட்டு வரும். வீடியோகூட எடுக்கும்.”

“எடுக்கும். யாரை எடுத்தோம்னுதான் தெரியாது. நெட்டு?”

“அதுவும் இருக்கு. தொறந்து வச்சிட்டு மலைக்குப் போய் ஒரு கூடை பறிச்சிட்டு வந்தா, பாதிப் படம் வந்திருக்கும்.”

“மகன் வாங்கிக் குடுத்த டச் போன் எங்கக்கா?”

“அலுமாரியில தூங்குது. கொழுந்து பறிச்சுத் தேஞ்ச விரலு அதுக்குப் புடிக்கல. கோல் வந்தா இழு இழுன்னு இழுக்குறேன், அசைய மாட்டேங்குது. வேணும்னே எடுக்கலன்னு மகன் ரெண்டு வாரமா பேசல.”

“அதுக்கெல்லாம் கொஞ்சம் நாகரிகம் தெரிஞ்ச விரலு வேணும்கா.”

பெரகல சந்தியில் பஸ் நின்றபோது இளையவளின் போன் அடித்தது.

“குவைத்துலருந்து அவருதான்” என்று திரையை இழுத்தாள். அசையவில்லை. விரலைச் சேலையில் துடைத்து மறுபடி இழுத்தாள். மூன்றாம் முறை இழுப்பதற்குள் மணி ஓய்ந்துவிட்டது.

மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

“திரும்ப எடுப்பாரு புள்ள. அதுவரைக்கும் இதுல ஒரு பாட்டு போடவா?”