உழாத பாதி

பச்சையம்மா: ரெண்டு பக்கமும் பச்சைப்பயிறுதானே கீது? இதுக்கு இன்னா சண்டை?

தருமன்: நல்லா பாரு. ரோட்டுப் பக்கம் என் பாதி. உழுது வெதச்சது.

இந்திராணி: அந்தாண்ட என்து. நெல்லு அறுத்த தாளு நிக்க நிக்க, ஏர் படாம வெதச்சேன். எதுல காய் ஜாஸ்தினு சொல்லு. ஜெயிச்சவங்க இஷ்டந்தான் அடுத்த வருஷம் மொத்தக் கொல்லைக்கும்.

பச்சையம்மா: நான் கோட்டைக்குப்பத்து மீன்காரி. என்னைப் போயி...

இந்திராணி: அதான் கூப்ட்டேன். ஊருல இருக்கிறவங்க எல்லாம் இவரு பங்காளிங்க.

தருமன்: எங்க நைனா ஆறு தபா உழுவாரு, தெரியுமா? உழாம வெதச்சா ஊரே சிரிக்கும்.

பச்சையம்மா: ஏண்ணா, எங்க ஊரு ஏரிய யாரு உழுவுறா? நண்டு வரல?

இந்திராணி: அப்டி கேளு!

தருமன்: நீ சும்மா இரு... ஏய், உள்ள போவாத பச்சையம்மா! முள்ளு கீது!

பச்சையம்மா: போவாம எப்டி எண்றது? அண்ணன் பக்கம் ஒரு செடில பதினெட்டு காய்... அக்கா பக்கம்... பத்தொம்பது. இன்னொண்ணு... பதினெட்டு. ரெண்டும் சமந்தான்.

தருமன்: பாத்தியா! உழுதது தோக்கல!

இந்திராணி: பொங்கலுக்கு அப்பறம் ஒரு சொட்டு மழை இல்ல. உழுத மண்ணு காஞ்சிருக்கணுமே...

பச்சையம்மா: காஞ்சுதான் கீதுக்கா. ரோட்டோரம் ரெண்டு சாலு மட்டும். அங்க செடியெல்லாம் வாடிப் போச்சு. இங்க உள்ள... அண்ணா, செடிக்கு அடில நெல்லுத் தாளு நிக்குதே?

தருமன்: மெதுவா பேசேன்! டிராக்டரு வரல. மூணு நாளு பாத்தேன், ஈரம் போயிடும்னு பயந்து அப்படியே வெதச்சுட்டேன். ரோட்டுல போறவன் சிரிப்பானேனு... ரெண்டு சாலு மட்டும் மம்பட்டியால...

பச்சையம்மா: அய்யோ, சிரிச்சு வயிறு வலிக்குது! அக்காவுக்குத் தெரியாதா?

தருமன்: எப்டி தெரியும்? அப்ப அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அப்பறம் இந்தப் பாதில காலே வெக்க விடல. எல்லாம் அந்த டிராக்டர்கார சுரேஷால. சொந்த மச்சான்னுதான் பேரு... இருபது தபா அடிச்சேன், போனே எடுக்கல!

இந்திராணி: எப்டி எடுப்பான்? அம்மா ஊட்டுல என் எதுருலதான உக்காந்துனு இருந்தான்... போன எடுத்தா என்னை அக்கானு கூப்டக் கூடாதுனு நான்தான் சொன்னேன்.