டூ பாயிண்ட் ஃபோரை அணைத்தது யார்?

— ஏளா ஸ்டெபி, மழுப்பாத. நம்ம வீட்டு வைஃபை ரூட்டர்ல டூ பாயிண்ட் ஃபோர் சிக்னல யாரு அணைச்சது?

— எனக்கு என்னங்க தெரியும்? கேபிள்காரப் பையன் பெவின் வந்து என்னமோ பண்ணிட்டுப் போனான். ஃபைவ்ல போட்டா நெட்டு வேகமா வரும்னான்.

— அவன் தானா வந்தானா, நீ கூப்பிட்டியா?

— நாந்தான் கூப்பிட்டேன். டிவி சுத்திக்கிட்டே கிடந்துச்சு. மாமா பூசை பாக்குற நேரம், சாமியாரு பிரசங்கத்துக்கு வாயத் தொறக்கவும் சரியா நின்னுரும்.

— நான் ஒண்ணு கேக்கேன். வேகம் வேணும்னா டிவிய ஃபைவ்ல போடு, உன் போன ஃபைவ்ல போடு. வேண்டாம்னு எவன் சொன்னான்? ரெண்டும் ஒரே பொட்டியிலதான இருக்கு. இன்னொண்ண எதுக்கு அணைக்கணும்?

— அதெல்லாம் எனக்கு எங்கங்க புரியுது?

— புரியாமயா இருக்கும்? ஃபைவ் நம்ம கல்லுச் சுவரத் தாண்டாது, கேட்டியா. பொறவாசல்ல போய் உக்காந்துதான எங்கிட்ட பேசுவ? இப்ப எங்க இருந்து பேசுத?

— ஹால்ல இருந்து.

— பாத்தியா. பொறவாசலுக்கு எட்டல. உனக்கும் இடைஞ்சல்தான். பொறவு எதுக்குன்னு நான் சொல்லட்டா? ஹால்ல நான் மாட்டுன கேமரா டூ பாயிண்ட் ஃபோர் மட்டுந்தான் பிடிக்கும். அத அணைச்சா கேமரா செத்துரும். அதுக்குத்தான அணைச்ச? சொல்லு.

— என்னத்தச் சொல்ல?

— மாலத்தீவு மாலேயில வெங்காயத்த இறக்கிட்டு தோணியில சும்மா கிடக்கேன். போனத் தொறந்தா வீடு கருப்பாத் தெரியுது. எனக்கு எப்படி இருக்கும்? நான் பாக்கக் கூடாதது அங்க என்ன நடக்கு?

— மாதாவே! என்ன பேச்சுங்க இது? உங்களுக்கு வாய் கூசல?

— அப்ப சொல்லு.

— சொல்ல வெக்கமா இருக்கு.

— கட்டுனவன்கிட்ட என்ன வெக்கம்?

— என் வெக்கம் இல்லங்க. மாமாவோடது.

— அப்பாவுக்கு என்ன?

— ஆபரேஷனுக்குப் பொறவு அவங்களுக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்கு. ஹால்ல கிடக்குற கட்டில்ல இருந்து பாத்ரூமுக்குப் போறதுக்குள்ள இடுப்புல கட்டுன சாரம் நனைஞ்சிருது. முழு ஹாலையும் தாண்டித்தான் போவணும். தலைக்கு மேல உங்க கேமரா. பத்தாததுக்கு உங்க அக்காவுக்கும் பாஸ்வேர்டு குடுத்திருக்கீங்க.

— விஜிலாவும் மகதான. அவளும் பாக்கட்டும்னு குடுத்தேன்.

— பாத்தாவ. பாத்துட்டு அந்தக் கேமரா ஸ்பீக்கர்ல பேசவும் செஞ்சாவ. போன வாரம் நம்ம வீட்டுல ஜெபத்துக்கு ஆளுக வந்திருந்தாவ. மாமா எந்திரிக்காவ, மேல இருந்து மதினி சத்தம். "அப்பா, அங்கனயே நில்லுங்க, ஒழுகுது!" வந்த சனம் அத்தனையும் முதல்ல கேமராவப் பாத்துச்சு. பொறவு மாமாவப் பாத்துச்சு.

— அய்யோ.

— அன்னையில இருந்து தண்ணி குடிக்க மாட்டேங்காவ. ஒரு மடக்கு குடிப்பாவ, மேல பாப்பாவ, டம்ளர வச்சிருவாவ. இந்த வெயில்ல உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. மூத்திரத்துல ரத்தம் வரவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். "வீட்டுல தண்ணி கூடக் குடுக்க மாட்டியாம்மா"ன்னு டாக்டர் என்னை ஏசுனாரு. என்ன சொல்ல? தலையக் குனிஞ்சிட்டு நின்னேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?

— மாமா விடல. "ஸ்டெபி, அந்தக் கேமராச் சவத்த எப்படியாவது அணைச்சிரு. கழட்டினா அவன் சண்டைக்கு வருவான், நெட்டு சரியில்லன்னு நினைச்சுக்கிடட்டும்"னாவ. பெவின்கிட்ட கேட்டேன். அவந்தான் இந்த வழியச் சொன்னான்.

— உன்னைப் போயி என்னவெல்லாம் கேட்டுட்டேன். எனக்கே அசிங்கமா இருக்கு, ஸ்டெபி.

— விடுங்க.

— ஆனா ஒண்ணு. அப்பா தனியா இருக்கும்போது விழுந்துட்டாவன்னா? அதுக்குத்தான கேமராவே மாட்டினேன். கட்டில் பக்கம் வேண்டாம். வாசலும் அடுப்படியும் தெரியுத மாதிரி திருப்பி வைப்போம். பெவின வரச் சொல்லி டூ பாயிண்ட் ஃபோரப் போடு.

— மாமா கட்டில்ல இருப்பாவ. அடுப்படியப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?

— இல்ல... நடந்து வந்தா தெரியும்லா.

— பெரிய வியாழன் அன்னைக்கு விழுந்தாவளே. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா கட்டிலுக்குக் கீழ கிடக்காவ. அன்னைக்குக் கேமரா நல்லாத்தான இருந்துச்சு. நீங்க பாக்கலியா?

— அன்னைக்கு நடுக்கடல்ல நின்னோம், கேட்டியா. சிக்னல் இல்ல. இருந்தா பாத்திருக்க மாட்டேனா?

— கொஞ்சம் இருங்க. மாமா போனக் கேக்காவ.

— நாம பேசுனதக் கேட்டுக்கிட்டா இருந்தாவ?

— பக்கத்துலதான் உக்காந்திருக்காவ. போனு ஸ்பீக்கர்ல கிடக்கு. பேசுங்க மாமா.

— ஏலே ஜெனோ.

— அப்பா, மன்னிச்சிருங்கப்பா. நாலு பேரு முன்னால உங்க மானம் போவும்னு எனக்குத் தோணல.

— அந்த வெக்கமும் உண்டுதாம்லே. இல்லன்னு சொல்லல. ஆனா நனைஞ்ச சாரத்த அவுத்துக் கழுவினா முடிஞ்சு போச்சு. நான் அணைக்கச் சொன்னது அதுக்கு இல்ல.

— பொறவு எதுக்குப்பா?

— இவகிட்ட அத எந்த வாயால சொல்லன்னு என் மூத்திரத்தச் சாக்கு சொன்னேன். இப்ப நீ இவள நாக்கூசாமக் கேட்டத என் காதால கேட்டாச்சு. இனி மூட முடியாது. பெரிய வியாழன் அன்னைக்கு நான் கீழ கிடக்கும்போது அந்தக் கேமரா கழுத்தத் திருப்புச்சு. போன்ல யாராவது தடவினாத்தான அது திரும்பும்?

— அது... அக்காவா இருக்கும்ப்பா.

— "ஸ்டெபி, எங்கட்டி இருக்க?"ன்னு அதுல கேட்டது உன் சத்தம்லே. நான் முனகுறேன், கையத் தூக்கிக் காட்டுறேன், அது என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போச்சு, பொறவு வாசலுக்குத் திரும்பி, இவ வார வரைக்கும் அங்கனயே பாத்துக்கிட்டு நின்னுச்சு.