சிவப்பு மருந்து

ஊசி போடுவதில் எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். குழந்தைகள்கூட என்னிடம் அழாது. மருந்துக்கடைக்காரன் ஊசி போடக் கூடாது என்று சட்டம் இருக்கலாம். அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள் மேடம், எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. பஞ்சால் துடைத்த இடம் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். அவசரப்படுகிறவர்கள்தான் வலிக்க வைக்கிறார்கள். நான் எதிலும் அவசரப்பட்டதில்லை.

என் மனைவியைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

சின்ன வயதில் அவளுக்குக் 'கட்டைவிரல்' என்று பட்டப்பெயர். அவளுடைய மாமா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அங்கே வரிசையில் நிற்பார்களாம். இவள் ஓரத்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாராலும் எழுப்ப முடியாது. மேலிருந்து விழுகிற கட்டைகளைச் சந்து விடாமல் அடுக்குகிற ஆட்டம் ஒன்று உண்டே, அதில் அவளை ஜெயித்தவர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அதெல்லாம் விட்டுப்போயிற்று. நான் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் அந்த கேம் பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. இரைப்பையை ஏறக்குறைய முழுதாகவே எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"சாப்பாட்டுல இருக்கிற பி பன்னிரண்டு வைட்டமின இனிமே இவங்க உடம்பு எடுத்துக்காது. அதுக்கு வழி பண்ற இடத்தையே வெட்டி எடுத்தாச்சு. அதனால மாசம் ஒரு ஊசி. ஆயுசு பூரா. விட்டுட்டா நரம்பு போயிடும், ஞாபகம் போயிடும். போனது திரும்பி வரும்னு சொல்ல முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க மருந்துக்கடைதானே? அப்ப எனக்குக் கவலை இல்ல."

"கவலையே படாதீங்க டாக்டர்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். அவளுக்குத் தலை வாரிவிடுவேன். கஞ்சியைக் கரண்டியில் ஆற்றிக் கொடுப்பேன். குளியலறைக்குப் போவதென்றால்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். கடையில் இருக்கும்போது மதியத்துக்குள் பத்துத் தடவை போன் வரும்: "ஏங்க, எப்ப வருவீங்க?" அதற்கு முந்தைய பதினாறு வருடத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதில்லை. படுத்தே இருப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அவள் போனில் அந்தப் பழைய ஆட்டங்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். பார்த்ததும் கண் விரிந்துபோயிற்று.

"ஐயோ, இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா?"

சாயங்காலம் ஒரே தலையணையில் சாய்ந்துகொண்டு மாற்றி மாற்றி ஆடுவோம். நான் சீக்கிரமே அவுட்டாகிவிடுவேன். அவள் சிரிப்பாள். போனின் மேல் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். "கண்ணாடியில பட்டன் கையில தட்டுப்படவே மாட்டேங்குதுங்க. வழுக்கிட்டுப் போகுது" என்பாள்.

உடம்பு தேறியதும், வீட்டுக்குள்ளேயே இருக்காதீர்கள், யோகா மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். தெருமுனையில் தையற்கடைக்கு மேல் மாடியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. பாய் வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதல் வாரம் குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை. மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று குழம்பி, எல்லோரும் விடும்போது இவள் இழுத்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் விடாமல் போனாள். ஒருநாள் சமையலறைக்குப் போனால், பால் பொங்குவதற்குக் காத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாள். மற்றொரு பாதம் தொடையில் பதிந்திருக்கிறது. கை இரண்டும் தலைக்கு மேலே. விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் விழவில்லை. நான் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. பால் பொங்கியதும் காலை இறக்கி, அடுப்பை அணைத்து, என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"வேற ஊர்ல யோகா டீச்சர் ட்ரெய்னிங் இருக்காம். அங்கேயே தங்கிப் படிக்கணும். அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம், அதுக்குள்ள நல்லா பழகிடுன்னு எங்க டீச்சர் சொல்றாங்க."

"முடிச்சிட்டு?"

மடித்த சட்டையையே திரும்பப் பிரித்து மடித்தாள். "தெரியலங்க. கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணும்போல இருக்கு. உங்க மேல ஒரு குறையும் இல்ல. என்னைத் தங்கமாத்தான் பாத்துக்கிறீங்க. ஆனா எனக்கு மூச்சு முட்டுது."

"நல்ல விஷயம்தானே. போயிட்டு வா" என்றேன்.

நான் குரலை உயர்த்தவில்லை மேடம். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வெளியே கேட்டிருக்காது. பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அந்த மாத ஊசி நாள் வந்தது. மருந்து நல்ல சிவப்பாக இருக்கும். நான் உள்ளறையில் ஏற்றிக்கொண்டு வருவேன். அவளுக்கு ஊசியைப் பார்த்தாலே பயம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு அலமாரியில் மருந்துக் குப்பியும் இருந்தது, பொடி மருந்தைக் கரைக்கிற தண்ணீரும் இருந்தது. நான் தண்ணீரை எடுத்தேன். சுத்தமான தண்ணீர், கிருமி நீக்கியது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விஷம் வைத்தான் என்று செய்தியில் எவனோ போட்டிருக்கிறானாம். நான் அவள் உடம்புக்குள் கெடுதலான எதையும் ஏற்றவில்லை. ஒன்றைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"உங்க கையில என்னைக்குங்க வலிச்சிருக்கு?" என்றாள்.

சோற்றைப் போடாமல் விட்டால் வயிறு அன்றைக்கே கூப்பாடு போடும். நரம்பு அப்படி இல்லை. உடம்பு ஏற்கெனவே சேர்த்து வைத்ததை எடுத்து எடுத்துச் செலவு செய்யும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன். பி வைட்டமின்கள் ஒரு கூட்டுக்குடும்பம் மாதிரி. எல்லோருக்கும் ஒரே வீட்டுப் பெயர், ஆனால் ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய மாட்டார். அதில் ஒன்று முகத்தில் ரத்தத்தைக் காட்டும். நரம்பைத் திரும்பியும் பார்க்காது. அந்த மாத்திரையைத் தினமும் கொடுத்தேன். அவள் வெளுத்துப்போகவில்லை. முட்டை, பால், ஈரல் என்று பை நிறைய வாங்கிக்கொண்டு நான் தெருவில் வருவதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள், "புருஷன்னா இப்படில்ல இருக்கணும்" என்பார். அதெல்லாம் அவள் உடம்பில் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆசையாகத்தான் வாங்கினேன்.

ஒரு வருடம் ஆகப்போகிற சமயத்தில் முதல் அடையாளம் தெரிந்தது. போனோடு மாட்டிக்கொள்கிற, நிஜப் பட்டன் வைத்த சின்னக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். பழைய கடையில் இருந்த மாதிரியே இருக்கிறது என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் பாதி ஆட்டத்தில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டாள்.

"இதுலயும் பட்டன் தட்டுப்படலைங்க."

நான் கருவியை வாங்கிப் பார்த்தேன். பட்டன்கள் கல் மாதிரி உறுதியாக இருந்தன.

"மட்டமான சரக்கு. ஏமாத்திட்டான்" என்றேன். மறுநாளே வேறொன்று வாங்கி வந்தேன், இதைவிட உயர்ந்தது.

அதிலும் கட்டைகள் தாறுமாறாக விழுந்தன. கடைசியில் நான் அவளை ஜெயித்தேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நான் ஏன் இப்படி ஆயிட்டேன்?" என்று கேட்டாள். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

பிறகு பாதம் மரத்தது. பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வகுப்பில் ஒற்றைக்கால் ஆசனத்தை விட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்தாள். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். அடுப்பை மறந்தாள். தெரிந்த சாமான் ஒன்றின் பெயர் வராமல் விரலால் காற்றில் அதை வரைந்து காட்டி அழுதாள். கடைக்கு மறுபடி போன் வரத் தொடங்கியது: "ஏங்க, எப்ப வருவீங்க?"

டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். ரத்தப் பரிசோதனைக்குக் குறித்த நாளுக்கு முன்பு மட்டும் சிவப்பு மருந்தைப் போட்டேன். அளவு பிரமாதமாக இருந்தது. "ஊசி சரியாத்தான் போயிட்டிருக்கு. இது வேற ஏதோ" என்று அவர் ஸ்கேன், முதுகுத்தண்டு என்று அலையவிட்டார். எல்லா இடத்துக்கும் நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரு ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மறந்த பெயர்கள் சில திரும்பின. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை தானாகவே நடந்தாள். டீச்சருக்குப் போன் போட்டு, "அந்த ட்ரெய்னிங்குல இன்னும் இடம் இருக்கா?" என்று கேட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்து நல்ல மருந்துதான் என்று புரிந்தது. அடுத்த மாதம் தண்ணீருக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த யோகா டீச்சர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான பெண்மணி. பார்க்க வருகிறேன் என்று ஒரு மாலை வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவியை இரண்டு காலிலும் நிற்க வைத்து, "கண்ணை மூடிக்கம்மா. நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார். கண்ணை மூடியதும் வெட்டிய வாழை மாதிரி இவள் அவர்மேல் சாய்ந்தாள்.

"சார், கண்ணு தொறந்திருந்தா நிக்கிறாங்க. மூடினா விழறாங்க. பாதத்துக்குத் தரை எங்க இருக்குன்னே தெரியல. ஊசி விடாம போடறீங்கல்ல?"

"இன்னைக்குத்தான் ஊசி நாள். இருந்து பாருங்களேன் டீச்சர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை நான் எவ்வளவு பக்குவமாகப் போடுகிறேன் என்று அவர் பார்க்கட்டும் என்று தோன்றியிருக்கலாம். வழக்கம்போல் உள்ளே போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழக்கம்போல் இவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். டீச்சர் திரும்பவில்லை.

"எங்கம்மாவுக்கும் இதே ஊசிதான் சார். மாதுளம்பழ ஜூஸ் மாதிரி செவப்பா இருக்கும்."

"இது வேற கம்பெனி."

"ஓ" என்றார். இவளுடைய கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார். தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போய்வந்தார். அவர் போன பிறகு குப்பைக்கூடையைப் பார்த்தேன். காலி சிரிஞ்சைக் காணவில்லை.

நான் ஓடவில்லை. மறுநாள் காலையில் அவளுக்கு முகம் கழுவிவிட்டு, வீட்டு வேலையெல்லாம் முடித்துக் கடையைத் திறந்தேன். உங்கள் ஆட்கள் அங்கேதான் வந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவளுக்கு நிஜ மருந்து போகிறது என்று கேள்விப்பட்டேன். ஞாபகம் முக்கால்வாசி திரும்பிவிட்டதாம். விரல்களும் கொஞ்சம் பரவாயில்லையாம். கால் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் செய்ததை நீங்கள் அவளிடம் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்றீர்கள். டீச்சர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்களாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுப் பயிற்சி செய்கிறாளாம். என் முகத்தில் விழிக்க மாட்டேன், பேர்கூடக் காதில் விழக் கூடாது என்றாளாம்.

அதெல்லாம் கோபத்தில் சொல்வது. எனக்கு அவளைத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரைப் போட்டது நான். அது அவளை என்ன செய்யும் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்து போட்டேன். யாரும் தூண்டவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருடம் கொடுத்தாலும் இருந்துவிட்டு வருகிறேன். எனக்குப் பொறுமை உண்டு. வெளியே வந்ததும் நேரே போய் அவளைக் கூட்டிக்கொள்வேன்.

அவள் எங்கே போய்விடப் போகிறாள்?