வாசற்கதவைக் கீழே இறக்கியது பற்றி

பெயரும் முகவரியும் முதல் தாளில் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் தொழில். மனைவி, மகளுடன் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். இறந்துபோன தச்சர் அந்த வீட்டை எனக்கு விற்றவர்.

எனக்கு வங்கிக் கடன் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அவர் பத்திரம் பதிந்து, சாவியையும் அன்றே கொடுத்துவிட்டார். அதன் பிறகு, வெளிப்படிக்கட்டு வரைபடத்தில் இல்லை என்று சொல்லி வங்கியில் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு வந்துடும்ணே" என்றேன். "அந்த மனுஷன்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைங்க, அவரு வேற வழி பாத்துக்குவாரு" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். என் பேச்சை நம்பி அவரும், தான் வாங்கவிருந்த சிறு வீட்டின் உரிமையாளரிடம் நாளை, நாளை என்றே சொல்லியிருக்கிறார். அந்த ஆள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவருக்கு விற்றுவிட்டார்.

அதன் பிறகு நேற்றுக் காலை தச்சர் திருப்புளியோடு வந்தார். சண்டை போடவில்லை. "பத்திரத்துல வீடு உங்களுது தம்பி. இந்தக் கதவு நான் இழைச்சது. பணம் வரட்டும், நானே வந்து மாட்டித் தரேன்" என்றார். நான் கூனிக் குறுகிப் போனேன். தடுக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? கீல்களைக் கழற்றும்போது கதவை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஒற்றை ஆளால் தூக்க முடியாத கனம். மேல்முனையை நான் பிடிக்க, கீழ்முனையைப் பிடித்து அவர் பின்பக்கமாகப் படி இறங்கினார். "பாத்து தம்பி, மூலை இடிச்சுடப் போகுது" என்றார்.

பாதிப் படியில் என் சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன். ஒரு கையை விட்டு அதை எடுத்தேன். கதவு சரிந்தது. அவர் மல்லாக்க விழுந்தார், கதவு அவர் மேல் விழுந்தது. அதன் பிறகு ஓடிப்போய்த் தூக்கினேன். அப்போது அவர் சட்டைப்பையிலும் கைபேசி ஒலித்தது. பணம் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டதென்று இருவருக்கும் தகவல் வந்திருந்தது. "அண்ணே, வந்துடுச்சுண்ணே, இந்தத் தடவ நெசமாவே வந்துடுச்சு" என்றேன். அவர் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "கதவ மாட்டிட்டீங்களா? பொம்பளப் புள்ள இருக்கற வீடாச்சே" என்று மட்டும் கேட்டார். "நாளைக்கு மாட்டிடறேன்க்கா" என்றேன்.

நான் சொன்னதைப் போலீசார் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது. இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

(கையொப்பம்)